மனுவை வையுங்கள், நோட்டை எடுங்கள்: கடலூர் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு இதை எழுதுகிறேன். நகருக்கு ஒரு சங்கம், சில இடங்களில் கோபித்துக்கொண்டு பிரிந்ததால் நகருக்கு இரண்டு சங்கம் என்று இந்த ஊரில் உங்களுக்குக் குறைவில்லை. நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவள் என்பதால் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள். அந்த வழக்கைப் பிறகு பேசுவோம்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் ஊர் கிடந்தபோது, ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வீடு வீடாக மோட்டார் ஓட்டித் தொட்டியில் தண்ணீர் ஏற்றியது பல இடங்களில் சங்கத்து ஆட்கள்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை தாண்டி குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் புகுந்தபோதும், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தது உங்களைப் போன்றவர்கள்தான். லாரன்ஸ் சாலை ரயில்வே சுரங்கப்பாதைக்காக இந்த ஊர் வருடக்கணக்கில் கத்தியதே, அந்தக் குரலிலும் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆபத்து நேரத்தில் இப்படி ஓடுகிற நீங்கள், சாதாரண நாளில் செய்வது ஒன்றே ஒன்றுதான். மனு கொடுப்பது.

திங்கட்கிழமை காலை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் போனால் உங்களில் நாலைந்து பேரையாவது பார்த்துவிடலாம். வாசலில் போலீஸார் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பட்டா கிடைக்காத விவசாயி, உதவித்தொகை நின்றுபோன பாட்டி, மகன் துரத்திவிட்ட பெரியவர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு நடுவே சலவை மடிப்புக் கலையாத சட்டையில், லெட்டர்பேடில் டைப் செய்த மனுவோடு சங்கத்துக் குழு. மனு கணினியில் ஏறும், ஒரு எண் கொடுப்பார்கள். வெளியே வந்து மனுவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி ஒரு போட்டோ. மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

அப்புறம் அந்த மனு என்ன ஆகிறது? மாநகராட்சி ஆணையருக்கு வருகிறது. ஆணையர் பொறியியல் பிரிவுக்கு அனுப்புகிறார். உதவிப் பொறியாளர் தெருவை வந்து பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, ஒரு பதில் எழுதுகிறார்: "நிதி நிலைமைக்கேற்ப உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." உங்கள் சங்கத்துக் கோப்பைப் புரட்டிப் பாருங்கள், இந்த வரி ஒரு காகிதத்திலாவது இருக்கும். அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜூலை மாதம் போய் சிமெண்ட் சாலை கேட்டால் அவர் வேறு என்ன எழுதுவார்? அந்த வருடத்துப் பணம் எந்தெந்த வேலைக்கு என்று மார்ச்சுக்குள் முடிவாகிவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு வரவில்லை என்கிறோம்.

போகிற இடமும் பல நேரம் தப்பு. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அது தொங்குகிற கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. உள்தெரு மாநகராட்சிக்கு, நெல்லிக்குப்பம் சாலை மாதிரி பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. வீட்டு வாசல் வடிகால் ஒருவருக்கு, அது போய் விழுகிற கெடிலம் ஆற்றின் கரை நீர்வளத் துறைக்கு. கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. இதையெல்லாம் ஒரே மனுவில் 'அடிப்படை வசதிகள் செய்து தரக் கோருதல்' என்ற தலைப்பில் அடுக்கிக் கொடுத்தால், ஒவ்வொரு அலுவலகமும் தனக்குரியது அடுத்தவருக்குரியது என்று தள்ளிவிட உங்கள் மனுவே வழி செய்து கொடுக்கிறது. ஒரு வேலைக்கு ஒரு காகிதம், அதுவும் அந்த வேலை யாருடையதோ அவருக்கு. இது உங்களுக்குத் தெரியாததில்லை, சோம்பல்தான்.

சரி, எங்கே போவது, எப்போது போவது? பகுதி சபைக்குப் போங்கள். ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரத்துக்கும் வேண்டும் என்று 2022-இல் தமிழக அரசு விதி போட்டுக் கொண்டுவந்தது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதில் கலந்துகொள்ளலாம். பகுதிகளின் உறுப்பினர்கள் சேர்ந்தது வார்டு குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே போய் உட்கார்ந்தார்.

இது நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுவைப் பற்றிப் பேசுகிறதுதான், ஆனால் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் 1.73 லட்சம். 1866-இல் நகராட்சியாகி, 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் என்றாலும் அந்தக் கணக்கில் நாம் வரவில்லை. டெல்லியில் எழுதிய சட்டத்தில் நழுவியது சென்னையில் போட்ட விதியில் கைக்கு வந்திருக்கிறது.

கூட்டம் நடக்க வேண்டிய நாள்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமைகள் தினம் என்று பார்த்து வைத்த தேதிகள். ஆனால் வரவு செலவுத் திட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள். மாநகராட்சியின் கணக்கு வருடம் ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, அதற்குள் மாமன்றத்தில் பட்ஜெட் வைத்தாக வேண்டும். டிசம்பர் 10-ம் ஜனவரி 25-ம் பொறியாளர் மேசையில் பட்டியல் உருவாகிக்கொண்டிருக்கிற காலத்தில் சரியாக வந்து விழுகின்றன. நாலு கூட்டத்துக்கும் போக முடியாதவர்கள் இந்த இரண்டுக்காவது போங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கிற மனுவுக்கு எண் கிடைக்கும். இங்கே நிறைவேறுகிற தீர்மானத்துக்கு வார்டு குழு, மாமன்றம் என்று ஏறிப்போக ஒரு படிக்கட்டு இருக்கிறது.

அந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்த வார்டு என்பது வேண்டாம். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கட்சிக்காரர்கள். பகுதி உறுப்பினர்களை மாமன்றம்தானே நியமிக்கிறது, நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் அது அப்படித்தான் இருக்கும். கவுன்சிலர் ஒரு பெண். மைக் மட்டும் அவர் வீட்டுக்காரர் கையில். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. மைக்கைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது.

வரவேற்புரை முடியும் முன்பே தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. பக்கத்தின் மேல் பாதி காலி. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். ஏறக்குறைய எல்லோரும் போட்டுக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், பேனாவை மூடிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, "எழுதி எடுத்துட்டு வாங்கப்பா, போடறேன்" என்றார். புத்தகம் கொண்டுவந்த பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா" என்றான். "நான் போடலையே." கொஞ்ச நேரம் சலசலப்பு. கடைசியில் கவுன்சிலர் அம்மாவே எழுந்து வந்து, என்னென்ன எழுத வேண்டும் என்று முதல் தடவையாக அங்கிருந்தவர்களைக் கேட்டார். மூன்று தீர்மானம் எழுதினார்கள். அதில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் மூடியில்லாத மேன்ஹோல்.

ஒரே ஒரு அம்மா. சங்கத்து உறுப்பினர்கள் பத்துப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால்? நீங்கள் யாரும் வரவில்லை. கட்சிக் கூட்டம் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் வராததால்தான் அது கட்சிக் கூட்டமாக இருக்கிறது.

போகும்போது செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் எதுவும் இல்லை. தீர்மானத்தை எழுதி, அதன் அடியில் கோடு இழுத்து மூடிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்து. முடிந்ததும் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, போன தடவை எழுதியது என்ன ஆயிற்று என்பதாக இருக்கட்டும். கூட்டமே நடக்கவில்லை என்றால், நடக்கவில்லை என்று ஆணையருக்கு எழுதுங்கள். உங்கள் லெட்டர்பேடுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

ஆனால் வெறும் கையோடு போனால் சத்தம்தான் மிஞ்சும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

இதை எங்கேயோ வெளியூரில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஊருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். ராத்திரியானால் நாற்றம், கண் எரிச்சல், இருமல். புகார் செய்தால், அதிகாரிகள் வந்து பார்க்கும்போது காற்று சுத்தமாக இருக்கும். ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், எந்த ஆலைக்கு அருகில், என்ன நாற்றம். அழுகின முட்டையா, நெயில் பாலிஷா, அழுகின முட்டைக்கோஸா. உடம்புக்கு என்ன செய்தது. அதோடு விடவில்லை. மூடி போட்ட ஒரு சாதாரண பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றை இழுத்துப் பிடிக்கிற முறையைக் கற்றுக்கொண்டு, 2004-இல் மாதிரி எடுத்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்கள் இருப்பது காகிதத்தில் வந்தது. அதுவரை 'ஏதோ நாத்தம் அடிக்குதாம்' என்றிருந்த பேச்சு, எந்த இரசாயனம், எவ்வளவு என்ற பேச்சாக மாறிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள். நம் சங்கங்களில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள், வங்கி மேலாளர்கள், பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் ஒருவர் இல்லை. ஆனால் எந்த நகரிலாவது ஒரு நோட்டு இருக்கிறதா?

எங்கள் தெருவில் நான் ஒன்று வைத்திருக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, அரைக் குயர் கோடு போட்ட நோட்டு. எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, கம்பத்து எண் என்ன, எத்தனை நாளாய். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது. குப்பை வண்டி வந்ததா. மழை பெய்தால் தண்ணீர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, நின்று எத்தனை மணி நேரத்தில் வடிகிறது. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். கடல் பக்கம், மூன்று நாலு ஆறுகளின் வாய் பக்கம், தட்டையாகக் கிடக்கிற ஊர் இது. வடிகாலுக்கு வாட்டம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, அங்கே குடியிருப்பவர் சரியாகச் சொல்வார். ஒப்பந்தக்காரர் மேட்டைப் பார்த்து வடிகால் கட்டிவிட்டுப் போன தெருக்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். 'தண்ணீர் தேங்குகிறது' என்று சொல்கிறவரை உட்காரச் சொல்லலாம். 'அக்டோபரில் ஆறு மழை நாளில் நாலு நாள் இந்த முக்கில் முழங்கால் அளவு நின்றது, வடிய இத்தனை மணி நேரம்' என்று படிக்கிறவரை அவ்வளவு சுலபமாக உட்கார வைக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பயன்படுத்துகிறீர்கள், ஆனால் 'எங்கள் தெருவுக்கு எப்போது சாலை போடுவீர்கள்' என்று கேட்கிறீர்கள். அது ஜோசியம் கேட்பது. இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். போட்டு முடித்த சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம். எம்-புக் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்கிற இந்த அளவுப் புத்தகத்தில்தான் நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதிப் பொறியாளர் கையெழுத்துப் போடுகிறார், அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். சட்டத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தகவல் உரிமை என்பதற்கு 2(ஜே) பிரிவு கொடுக்கிற விளக்கத்தில், வேலையை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்வதும் அடங்கும். எம்-புக் நகலையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நாலு பேர் நடந்தால் போதும். யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டாம். அளந்து எழுதிக்கொண்டு வந்தாலே அடுத்த சாலையின் கனம் கூடும்.

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றி உங்கள் கூட்டங்களில் நிறையப் பேச்சு அடிபடுகிறது. மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். பூங்காவுக்கு வேலி, படிப்பகம் என்றால் நல்ல திட்டம்தான். எனக்கு இதில் ஒரு தயக்கம். பணம் திரட்டக்கூடிய நகருக்கு அரசுப் பணமும் சேர்ந்து போகும், திரட்ட முடியாத குடிசைப் பகுதி அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் தெருவுக்கு அடுத்தாற்போல் எந்தத் தெருவுக்கு ஒன்றும் இல்லையோ, அங்கே ஒரு வேலைக்குச் சங்கம் பங்கு போடலாமே. ஒன்றாவது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். வாடகைக்காரர் ஏன் உறுப்பினராக முடியாது என்று ஒரு சங்கத்து நிர்வாகியிடம் கேட்டேன். "சொத்து வரி கட்டறது நாங்கதானேம்மா" என்றார். கட்டுகிறீர்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டி 5 சதவீதம் தள்ளுபடியும் வாங்கிக்கொள்கிறீர்கள். 2022-இல் வரி ஏறியபோது எங்கள் வாடகையும் ஏறியது. வரியில் எங்கள் பங்கு எங்கே இருக்கிறது என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பகுதி சபையில் உட்காரத் தேவைப்படுவது வாக்காளர் பட்டியலில் பெயர், வீட்டுப் பத்திரம் இல்லை. அரசாங்கம் என்னை உள்ளே விடுகிறது, எதிர் வீட்டுச் சங்கம் விட மாட்டேன் என்கிறது.

நான் மட்டும் இல்லை. உங்கள் செயற்குழுப் படத்தை நீங்களே ஒரு தடவை பாருங்கள். ஓய்வு பெற்ற ஆண்கள், மகளிர் அணி என்று ஓரத்தில் இரண்டு பேர். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவர் அந்தப் படத்தில் இருக்கிறாரா? தினமும் உங்கள் தெருவில் குப்பை எடுக்கிற தூய்மைப் பணியாளரை ஒரு கூட்டத்துக்காவது கூப்பிட்டிருக்கிறீர்களா? எந்த வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கிறார்கள், எந்த வீட்டில் டயாப்பரையும் சோற்றையும் ஒரே கவரில் கட்டிப் போடுகிறார்கள் என்று அவர் சொல்லிவிடுவார். சங்கத் தலைவர் வீடு எந்தப் பட்டியலில் என்பதும் அப்போது தெரியும். ஒருவேளை அதனால்தான் கூப்பிடுவதில்லையோ என்னவோ.

நடைபாதைக் கடைகளை அகற்றக் கோரி நீங்கள் கொடுக்கிற மனுவும் இதில் சேர்ந்ததுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் காலையில் பேரம் பேசி வாங்கிவிட்டு, சாயங்காலம் அவரை அகற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம். 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு ஒன்றை வைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. எங்கே கடை, எங்கே நடைபாதை என்று இரண்டு தரப்பும் ஒரே மேசையில் பேசிக்கொள்ள வழி இருக்கும்போது, போலீஸை வைத்துக் கூடையைத் தூக்கச் சொல்வது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

'இந்த வார்டு குழு, பகுதி சபையெல்லாம் கண்துடைப்பு' என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. வடக்கே, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற புதுச்சேரியைப் பாருங்கள். 1880-லேயே பிரெஞ்சு ஆட்சி அங்கே கொம்யூன்கள் என்கிற உள்ளாட்சிப் பகுதிகளுக்குத் தேர்ந்தெடுத்த மன்றங்களைக் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1968-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்தது 2006-இல். அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு, நான் இதை எழுதுகிற வரை, தேர்தல் இல்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் தேதியே அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் நின்றுபோனது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில். கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதை அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகாக இருக்கிறது, சாயங்காலம் அதற்கு முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே உட்கார ஒரு கவுன்சிலர் கிடையாது. உழவர்கரையில் இருக்கிற என் தோழி, தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நிற்கிறாள்.

நாமும் அப்படி இருந்தவர்கள்தான், மறந்துவிட்டோம். 2016 அக்டோபரில் நகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி தேர்தல் வரை ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அதற்குப் பிறகுதான் 45 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். அந்த மார்ச்சில் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்து வருடம் 2027-இல் முடிகிறது. தேர்தல் உடனே வருமா, இழுக்குமா என்பது நம் கையில் இல்லை. பகுதி சபைக்குப் போகிற பழக்கம் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டால், அடுத்து நாற்காலியில் உட்காருகிறவர் கவுன்சிலரானாலும் அதிகாரியானாலும், டிசம்பர் 10 அன்று நோட்டோடு ஒரு கூட்டம் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே மூன்று கோரிக்கை. நவம்பர் மாதப் பொதுக்குழுவை ஹாலில் வைக்காமல் தெருவில் நடந்தபடி வையுங்கள், ஒவ்வொரு முக்கிலும் நின்று எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலம், எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். அந்த எழுத்தை வேலைக்கு ஒன்றாக, துறைக்கு ஒன்றாகப் பிரித்து, அதில் மாநகராட்சிக்குரியதை மட்டும் டிசம்பர் 10 கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். ஒரு நகருக்கு இரண்டு சங்கம் இருந்தால் அன்றைக்கு மட்டுமாவது சேர்ந்து உட்காருங்கள். பழைய சண்டையை மறுநாள் தொடரலாம்.

மூன்றாவது, துணைவிதி. உறுப்பினர் தகுதியில் 'வீட்டு உரிமையாளர்' என்றிருப்பதைக் 'குடியிருப்பவர்' என்று மாற்றப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சங்கத்தின் பெயரே குடியிருப்போர் சங்கம் என்பதால் பதிவாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய சிரமமும் இருக்காது. சந்தா எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள், கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
புதுப்பாளையத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு வாக்காளர்
கடலூர்